பேரினப் பொருளியல் படிக்க எதை எடுப்பது, எதை விடுவது?

2023 ஜூலையில் தக்காளி விலை எகிறியது சேலத்தில் எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த மாதம் நாட்டின் சில்லறைப் பணவீக்கம், அதாவது நுகர்வோர் வாங்கும் பொருள்களின் விலை ஓராண்டில் ஏறிய வேகம், 7.44 சதவீதம். ரிசர்வ் வங்கிக்குக் கொடுக்கப்பட்ட இலக்கு 4 சதவீதம். மேலே 2, கீழே 2 வரை விலகலாம். மேல் வரம்பையே தாண்டிவிட்டது. ஆனாலும் ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம் 6.50 சதவீதத்திலேயே நின்றது. அந்தப் புள்ளிவிவரம் வெளிவருவதற்கு நான்கு நாள் முன்பு, ஆகஸ்ட் 10 அன்று முடிவை அறிவித்த, ரெப்போவை நிர்ணயிக்கும் பணவியல் கொள்கைக் குழுவுக்கு விலை ஏறப்போவது தெரியும். அக்டோபரில் கூடியபோது எண்ணே கையில் இருந்தது. இரண்டு முறையும் வட்டியை ஏற்றவில்லை. ஏன்?

நாட்டின் பொருளாதாரத்தை மொத்தமாகப் பார்க்கும் பேரினப் பொருளியல் (மேக்ரோ எகனாமிக்ஸ்) படிக்க எது நல்லது என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்தக் கேள்வியைத்தான் கொடுப்பேன். ஒரு புத்தகத்தையோ காணொளியையோ எடுத்து, இதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு அது உங்களைக் கொண்டுபோய் விடுகிறதா என்று பாருங்கள். சேலத்தில் கல்லூரி மாணவர்களுக்கும் டிஎன்பிஎஸ்சி எழுதுகிறவர்களுக்கும் பொருளியல் சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால், "எதைப் படிக்கலாம் சார்?" என்ற கேள்வி எனக்கு ஓயாமல் வரும். கேட்கிறவர்களில் பாதிப் பேரிடம் ஏற்கெனவே பத்து பிடிஎஃப் இருக்கும், ஒன்றும் முடிந்திருக்காது. அதனால் நான் பரிந்துரைப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் மாநிலப் பாடத்திட்டத்தின் 12ஆம் வகுப்புப் பொருளியல் புத்தகம், அப்புறம் ஒரே ஒரு முழுப் பாடநூல், அதோடு கூடவே ரிசர்வ் வங்கியின் கொள்கை அறிக்கை. இந்த மூன்றில் ஒன்றை விட்டாலும் படிப்பு நொண்டும். மற்றதெல்லாம் துணைக்குத்தான். ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மாநிலப் புத்தகத்தைப் பலர் பள்ளிக்கூடத்துப் புத்தகம்தானே என்று ஒதுக்குகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். தமிழ் வழியில் படித்த ஒருவர் இந்தத் துறைக்குள் நுழைய இதைவிட நேரான வாசல் கிடையாது. காசும் கிடையாது, இணையத்தில் அரசே இலவசமாக வைத்திருக்கிறது. 12 அத்தியாயங்களில் தேசிய வருவாய், வேலைவாய்ப்பு, நுகர்வு, முதலீடு, பணம், வங்கி, பன்னாட்டு வணிகம், அரசு நிதி என்று மொத்த நிலப்பரப்பையும் காட்டிவிடுகிறது. குறிப்பாக, உற்பத்தியானது தனக்கான தேவையைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் என்ற சே விதியையும், 1930களின் பெருமந்தத்துக்குப் பிறகு பொருளியலாளர் கெயின்ஸ் அதை எப்படி மறுத்தார் என்பதையும் அடுத்தடுத்து வைத்திருக்கும் பகுதி நன்றாக இருக்கும். முதலீடு கூடினால் வருமானம் எத்தனை மடங்கு கூடும் என்று சொல்லும் பெருக்கி, நுகர்வு கூடினால் முதலீடு எவ்வளவு கூடும் என்று சொல்லும் முடுக்கி இரண்டும் கணக்கோடு வருகின்றன.

தக்காளிக் கேள்விக்கு இந்தப் புத்தகம் பாதி வழிதான் வரும். தேவை கூடியதால் வரும் பணவீக்கம் வேறு, செலவு கூடியதால் வரும் பணவீக்கம் வேறு என்று பிரித்துச் சொல்கிறது. தவழும் பணவீக்கம், நடக்கும் பணவீக்கம், ஓடும் பணவீக்கம் என்று வேகத்தை வைத்தும் பெயர் கொடுக்கிறது. ஆனால் இந்த வகைக்கு மத்திய வங்கி என்ன செய்யும், எதைச் செய்யாமல் இருக்கும், ஏன் என்ற இடத்தில் நின்றுவிடுகிறது. இலக்கணம் மனப்பாடமாகும், காரண காரியச் சங்கிலி கைக்கு வராது. இன்னொன்று, அதிலுள்ள புள்ளிவிவரங்கள் 2019 வாக்கில் உறைந்து நிற்கின்றன. எண்களை அங்கிருந்து எடுக்காதீர்கள், கருத்துகளை மட்டும் எடுங்கள்.

என்சிஇஆர்டியின் 12ஆம் வகுப்புப் புத்தகத்தை இதற்குப் பதிலாக எடுக்கலாமா என்று கேட்பார்கள். ஆறே அத்தியாயம், கச்சிதமான எழுத்து, தேசிய வருவாயை மூன்று வழியில் கணக்கிடுவதை மாநிலப் புத்தகத்தைவிடத் தெளிவாகச் செய்கிறது. ஆங்கிலம் தடையில்லை என்றால் அந்த அத்தியாயத்தை மட்டும் அங்கே படியுங்கள். ஆனால் வருமானத்தைத் தீர்மானிக்கும் அத்தியாயத்தில் விலை மாறாது என்ற அனுமானத்தோடுதான் அது ஓடுகிறது. விலையே மாறாத உலகத்தில் நின்றுகொண்டு பணவீக்கத்தைப் புரிந்துகொள்ள முடியாது. இதைப் படித்துவிட்டுப் பேரினப் பொருளியல் முடிந்தது என்று நினைப்பவர்கள் சரியாக இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

சரி, முழுப் பாடநூல். இங்கேதான் கையில் காசு செலவாகும், நேரமும் செலவாகும், அதனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அமெரிக்கப் பொருளியலாளர் மேன்கியூ எழுதியதில் இரண்டு உண்டு. ஒன்று முதலாண்டு மாணவருக்கான அறிமுகப் பாடநூல், இன்னொன்று 'மேக்ரோ எகனாமிக்ஸ்' என்ற பெயரில் அடுத்த நிலைக்கானது. கடையில் ஆசிரியர் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் இரண்டாவது நூலே கையில் வந்துவிடும், மூன்றாம் அத்தியாயத்தில் மூச்சு வாங்கும். அறிமுக நூலைக் கேட்டு வாங்குங்கள். நடை எளிது, ஒரு கருத்துக்கு ஒரு படம், ஒரு எடுத்துக்காட்டு என்று பொறுமையாகப் போகும். மொத்தத் தேவை, மொத்த அளிப்பு என்ற இரண்டு கோடுகளை வைத்து 1970களின் எண்ணெய் விலை அதிர்ச்சியை விளக்கும் பகுதி நம் தக்காளிக் கேள்விக்கு மிக அருகில் வரும். அளிப்பு சுருங்கினால் விலை ஏறும், உற்பத்தியும் இறங்கும். அந்த நேரத்தில் வட்டியை ஏற்றினால் விலை கொஞ்சம் அடங்கும், ஆனால் ஏற்கெனவே இறங்கிய உற்பத்தி இன்னும் இறங்கும். இந்தத் தர்மசங்கடம் புரிந்துவிட்டால் ரிசர்வ் வங்கி ஏன் கையைக் கட்டிக்கொண்டு நின்றது என்பதில் முக்கால்வாசி புரிந்துவிடும்.

பிளான்ஷார் எழுதிய பாடநூல் ஒரு படி மேலே. அவர் 2008 முதல் 2015 வரை பன்னாட்டு நிதியத்தின் தலைமைப் பொருளியலாளராக இருந்தவர். நெருக்கடியை உள்ளிருந்து பார்த்த அனுபவம் எழுத்தில் தெரியும். மக்களின் எதிர்பார்ப்பு பணவீக்கத்தை எப்படி ஆட்டுவிக்கிறது என்பதை அவர் வளர்த்துக்கொண்டு போகும் விதம் எனக்கு மிகப் பிடிக்கும். பி.ஏ. பொருளியல் இரண்டாம் ஆண்டுக்கு வந்தவர்கள், பொறியியல் படித்து வரைபடத்துக்குப் பயப்படாதவர்கள் நேரே இதற்குப் போகலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: ஏழாம் பதிப்போ அதற்குப் பிந்தியதோ வாங்குங்கள். வட்டியும் நாட்டு வருமானமும் சேர்ந்து எப்படி முடிவாகின்றன என்று காட்ட, பொருளியலாளர் ஹிக்ஸ் 1937இல் கொடுத்த ஐஎஸ்-எல்எம் வரைபடத்தில், மத்திய வங்கி பண அளவை நிர்ணயிக்கிறது என்று வைத்துத்தான் பழைய பதிப்புகள் போகும். இன்றைக்கு எந்தப் பெரிய மத்திய வங்கியும் அப்படி நடப்பதில்லை; வட்டியை நிர்ணயிக்கிறது, பண அளவு அதன் பின்னால் போகிறது. புதிய பதிப்பு அதை அப்படியே திருத்தி எழுதியிருக்கிறது. ரிசர்வ் வங்கியின் அறிக்கையோடு சேர்த்துப் படிக்கும்போது இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும்.

டோர்ன்புஷ்-ஃபிஷர் நூலைப் பல பல்கலைக்கழகப் பாடத்திட்டங்கள் இன்னும் சொல்கின்றன. பரீட்சைக்கு அது வேண்டுமென்றால் படியுங்கள், சொந்த ஆர்வத்தில் படிக்கிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

இலவசமாக வேண்டுமென்றால் இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஓபன்ஸ்டாக்ஸ் வெளியிட்டிருக்கும் பேரினப் பொருளியல் அறிமுக நூல் ஏறக்குறைய மேன்கியூவின் தடத்திலேயே போகும். எடுத்துக்காட்டுகள் எல்லாம் அமெரிக்கா. கோர் என்ற பொருளியலாளர் கூட்டமைப்பு இணையத்தில் வைத்திருக்கும் நூல் வேறு மாதிரி. கூலி எப்படிப் பேசி முடிவாகிறது, முதலாளி விலையை எப்படி வைக்கிறார், இரண்டும் இழுத்துக்கொள்ளும்போது பணவீக்கம் எப்படிப் பிறக்கிறது என்று மனிதர்களிடமிருந்து தொடங்கும். கொலுசுப் பட்டறையில் கூலி பேசுவதையோ தறிக்காரர்கள் கூலி உயர்வு கேட்பதையோ பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே ஒட்டிக்கொள்ளும். கணக்கைவிட ஏன் என்பதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு மேன்கியூவுக்குப் பதிலாகவே கோர் நூலைச் சொல்வேன். ஆனால் பரீட்சைக் கேள்விகள் வேறு மொழியில் வரும் என்பதால் தேர்வு எழுதுகிறவர்களுக்கு அது சுற்றுவழி.

காணொளிகளில் கான் அகாடமி துண்டு துண்டாக இருக்கும், ஒவ்வொன்றும் சில நிமிடம், பயிற்சிக் கேள்விகள் உண்டு. ஒரு கருத்து மாட்டிக்கொண்டால் அதை மட்டும் தேடிப் பார்க்க நல்லது; முதலிலிருந்து கடைசி வரை அதையே பிடித்துக்கொண்டு போனால் படம் ஒட்டாது. டைலர் கோவனும் அலெக்ஸ் டாபராக்கும் நடத்தும் மார்ஜினல் ரெவல்யூஷன் யுனிவர்சிட்டியில் ஒரு நுட்பமான வசதி இருக்கிறது. மற்ற அறிமுக நூல்கள் வரைபடத்தின் செங்குத்து அச்சில் விலை மட்டத்தை வைக்கும்போது, இவர்கள் பணவீக்க விகிதத்தை வைக்கிறார்கள். செய்தியில் நாம் கேட்பது பணவீக்க விகிதம்தானே, விலை மட்டம் இல்லையே. அதனால் வரைபடத்துக்கும் நாளிதழுக்கும் நடுவில் மொழிபெயர்க்கும் வேலை மிச்சம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2023இல் நடத்திய, 14.02 என்ற எண் கொண்ட பேரினப் பொருளியல் வகுப்பை ரிக்கார்டோ கபயேரோ எடுத்திருக்கிறார், முழு விரிவுரைகளும் இலவசம். பிளான்ஷார் புத்தகத்தைத் தழுவியே போகும். புத்தகத்தை வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் ஏற்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட் வீட்டில் உட்கார்ந்துகொண்டே உலகத்தரமான ஒரு செமஸ்டரை முடித்துவிடலாம், இணைப்பு மட்டும் ஒழுங்காக இருந்தால்.

என்பிடெல், ஸ்வயம் என்ற இணைய வகுப்புத் தளங்கள் இரண்டிலும் இந்தியப் பேராசிரியர்களின் பாடங்கள் உண்டு. படிக்கக் கட்டணமில்லை, சான்றிதழுக்கான தேர்வுக்கு மட்டும் கட்டணம். வாராவாரம் வீட்டுப்பாடம் கொடுத்துக் கெடு வைப்பார்கள். தானாகப் படிக்க உட்காராதவர்களுக்கு அந்தக் கெடுதான் மருந்து. தரம் பாடத்துக்குப் பாடம் மாறும், முதல் இரண்டு விரிவுரையைப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

பயிற்சி மையக் குறிப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எந்தக் குழு எந்த ஆண்டு, எந்த அறிக்கை யார் தலைமை என்பதற்கு உதவும். புரிதலுக்கு உதவாது.

இதுவரை சொன்ன எதுவுமே இந்திய எண்களைக் கையில் கொடுக்காது. அதற்குத்தான் மூன்றாவது கால்: ரிசர்வ் வங்கி. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கொள்கைக் குழுவின் தீர்மானம் வரும், பதினான்காம் நாள் உறுப்பினர் ஒவ்வொருவரும் என்ன சொல்லி வாக்களித்தார் என்ற குறிப்பு வரும், ஆண்டுக்கு இரண்டு முறை முழு நீளப் பணவியல் கொள்கை அறிக்கை வரும். எல்லாம் இலவசம். ஆங்கிலம்தான், ஆனால் சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால் மூன்று அறிக்கைக்குள் பழகிவிடும்.

தக்காளிக் கணக்கை ஒருமுறை போட்டே பார்க்கலாம். 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவுக்கும் பானங்களுக்கும் சேர்த்து 45.86 சதவீத எடை. அதற்குள் காய்கறிகளுக்கு மட்டும் 6.04. 2023 ஜூலையில் காய்கறி விலைகள் முந்தைய ஆண்டைவிட 37 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தன. 6.04ஐ 37 சதவீதத்தால் பெருக்கினால் தோராயமாக 2.2. அதாவது 7.44 சதவீதத்தில் இரண்டு சதவீதப் புள்ளிக்கு மேல் காய்கறியிலிருந்தே வந்திருக்கிறது. அதைக் கழித்தால் மிச்சம் ஐந்துக்குச் சற்று மேல், வரம்புக்கு உள்ளே. வட்டியை ஏற்றினால் ஒரு செடியில்கூடத் தக்காளி கூடுதலாகக் காய்க்காது. வட்டியின் விளைவு பொருளாதாரத்தில் பரவப் பல காலாண்டுகள் ஆகும், தக்காளியின் அடுத்த அறுவடையோ சில மாதத்திலேயே வந்துவிடும். செப்டம்பரில் பணவீக்கம் 5.02 சதவீதத்துக்கு இறங்கியது. குழு கவலைப்பட்டது வேறொன்றைப் பற்றி: ஓட்டல் சாப்பாட்டு விலை, கூலி, வாடகை என்று இந்த ஏற்றம் தொற்றிக்கொண்டுவிடுமோ என்பதைப் பற்றி. உறுப்பினர்களின் குறிப்புகளைப் படித்தால் அந்தக் கவலை வரிக்கு வரி தெரியும். மேன்கியூ வரைபடத்தில் ஒரு கோடு இடப்பக்கம் நகர்வதைப் பார்த்தவர் இங்கே அதே கோடு நகர்வதை எண்ணாகப் பார்ப்பார். பாடநூலையும் அறிக்கையையும் ஒரே வாரத்தில் சேர்த்துப் படிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

வங்கி அத்தியாயத்திலும் இப்படி ஒரு சேர்த்துப் படிப்பு தேவை. வைப்பில் எத்தனை சதவீதத்தை வங்கிகள் ரிசர்வ் வங்கியில் போட்டு வைக்க வேண்டும் என்று சொல்லும் ரொக்க இருப்பு விகிதத்தை வைத்து நூறு ரூபாய் வைப்பு எத்தனை நூறாகப் பெருகுகிறது என்ற கணக்கைப் பள்ளிப் புத்தகங்கள் சொல்லித்தருகின்றன. இங்கிலாந்து வங்கி 2014இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, நடைமுறை அதற்குத் தலைகீழ் என்று விளக்கியது: வங்கி கடன் கொடுக்கும்போதே வைப்பு பிறக்கிறது, இருப்பு அப்புறம் தேடப்படுகிறது. தேர்வில் இந்த வைப்புப் பெருகும் கணக்கை எழுதுங்கள், ஆனால் உலகம் இப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

அரசு நிதியைப் பொறுத்தவரை தமிழிலேயே நல்ல மூலங்கள் இருக்கின்றன. ஆண்டுதோறும் வரும் மாநில நிதிநிலை அறிக்கை உரை, 2021 ஆகஸ்டில் வந்த மாநில நிதி பற்றிய வெள்ளை அறிக்கை, 2025 மார்ச்சில் முதன்முறையாக வந்த தமிழ்நாட்டின் பொருளாதார ஆய்வறிக்கை மூன்றும் போதும். வருவாய்ப் பற்றாக்குறைக்கும் நிதிப் பற்றாக்குறைக்கும் உள்ள வேறுபாட்டை வெள்ளை அறிக்கையில் படித்தவர் மறக்க மாட்டார்.

பன்னாட்டுப் பகுதிதான் சேலத்துக்காரர்களுக்கு மிக அருகில் இருப்பது. ஆனால் அதைத்தான் எல்லாப் புத்தகமும் கடைசி அத்தியாயத்தில் வைக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏங்க சார், வெளிநாட்டுல வெள்ளி அப்படியேதான் நிக்குதுங்கறாங்க, நமக்கு மட்டும் ஏன் ஏறுது?" அவரிடம் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். உலக விலை அவுன்ஸ் 30 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவுக்கு 32.15 அவுன்ஸ், ஆக 964.50 டாலர். டாலர் 85 ரூபாய் என்றால் கிலோ 81,982 ரூபாய். டாலர் 88க்குப் போனால் 84,876. உலக விலை அசையவே இல்லை, இங்கே 2,900 ரூபாய்க்குப் பக்கம் ஏறிவிட்டது. இதன் மேல் சுங்க வரி வேறு. 2024 ஜூலை நிதிநிலை அறிக்கையில் அது 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதத்துக்கு இறங்கியபோது இதே கிலோவுக்கு ஏழாயிரத்துக்கு மேல் குறைந்திருக்கும். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அப்ப டாலரு ஏன் ஏறுது, அதைச் சொல்லுங்க" என்றார். அதுதான் அந்த அத்தியாயத்தின் முதல் கேள்வி. அவரைப் போன்றவர்கள் முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. மாநிலப் புத்தகத்தில் அயல்நாட்டுச் செலுத்துநிலை (நாட்டுக்குள் வரும், வெளியே போகும் பணத்தின் கணக்கு), செலாவணி மாற்று விகிதம் இரண்டையும் படித்துவிட்டு, ஓபன்ஸ்டாக்ஸில் செலாவணி பற்றிய அத்தியாயத்துக்குப் போனால் போதும். அங்கிருந்து பின்னோக்கி வட்டிக்கும் பணவீக்கத்துக்கும் தானாக வந்து சேருவார்கள்.

சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும் இதே வழிதான். அரபிகா விலை நியூயார்க் சந்தையில் முடிவாகிறது. பிரேசிலில் வறட்சி வந்ததும் 2025 பிப்ரவரியில் ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. ஏற்காட்டில் அது வருமானம், சேலம் டவுனில் காப்பித்தூள் வாங்குகிறவருக்கு அது செலவு. ஒரு பொருளின் விலை ஏறுவதும் பணவீக்கமும் ஒன்றல்ல என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம்.

டிஎன்பிஎஸ்சி எழுதுகிறவர்கள் மாநிலப் புத்தகத்தை இரண்டு முறை படித்துவிட்டு, மத்திய நிதிநிலை அறிக்கைக்கு முன் வரும் பொருளாதார ஆய்வறிக்கையில் விலைவாசி, வெளிநாட்டுத் துறை ஆகிய அத்தியாயங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குரூப் 1 முதன்மைத் தேர்வுக்கு மட்டும் மேன்கியூவில் மொத்தத் தேவை, அளிப்பு அத்தியாயம் தேவைப்படும். பி.ஏ. மாணவர்கள் முதலாண்டில் மேன்கியூ, இரண்டாமாண்டில் பிளான்ஷார், அதோடு எம்ஐடி வகுப்பு. வாங்குவதற்கு முன் மாவட்ட மைய நூலகத்திலும் கல்லூரி நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள். அறிமுக நூல் பழைய பதிப்பாக இருந்தாலும் பரவாயில்லை.

எதை எடுத்தாலும் கூடவே 2025 ஜூன் 6 கொள்கைத் தீர்மானத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அன்று ரெப்போவை ஒரேயடியாக அரை சதவீதம் குறைத்து 5.50 ஆக்கினார்கள், ரொக்க இருப்பு விகிதத்தை நான்கு தவணையில் ஒரு சதவீதம் குறைப்பதாகச் சொன்னார்கள், அதே மூச்சில், இனி வட்டி எந்தப் பக்கம் போகலாம் என்று காட்டும் கொள்கை நிலைப்பாட்டைத் தளர்விலிருந்து நடுநிலைக்கு மாற்றினார்கள். தாராளமாகக் கொடுத்துக்கொண்டே ஏன் கையை இறுக்குவதுபோல் பேசினார்கள் என்பதைப் படிக்கத் தொடங்கும் நாளில் ஒரு பக்கம் எழுதுங்கள், பாடநூல் முடியும்போது இன்னொரு பக்கம் எழுதுங்கள். இரண்டாவது பக்கத்தில் புதிதாக ஒன்றும் வரவில்லை என்றால் புத்தகத்தை மாற்றுங்கள்.